பேய்ப்பட முகமூடிகளை ஊருக்குக் காட்டும்முன்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பழைய ஹாலிவுட் பேய்ப்பட ரப்பர் முகமூடிகள் 22 சேர்த்து வைத்திருக்கிறேன். ஹாலோவீனை ஒட்டி அக்டோபர் முழுக்க ஊர் நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் வைக்கத் தரமுடியுமா என்று கேட்கிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: பழைய நோட்டுக் கட்டில் போட்ட ரப்பர் பேண்டைச் சில வருஷம் கழித்துத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். பிசுபிசுவென்று ஒட்டும், அல்லது மொரமொரவென்று உடையும். உங்கள் முகமூடிகளும் அதே ரப்பர் பால்தான் (லேடெக்ஸ்). வெளிச்சம், சூடு, ஆக்சிஜன், ஓசோன் எல்லாமே அதற்கு ஆகாது. கெட்டுப்போனதை மீட்கவும் வழியில்லை.

அதனால் சரி என்று சொல்லும்முன் அலமாரி எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். வெயில் விழும் ஜன்னலோரம் என்றால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். நூலகங்களில் அலமாரிக்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் மெஷின் இருப்பதும் உண்டு. அது ஓசோன் விடக்கூடியது. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில் ஓசோன் பட்டால் மயிரிழை போல விரிசல் விடும். அலமாரிக்குள் சூடாகும் பல்பு இருந்தால் அணைத்துவிட்டு, வெளியிலிருந்து எல்.இ.டி. வெளிச்சம் கொடுங்கள். வெளிச்சத்தால் சீக்கிரம் கெடும் பொருட்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் அளவு சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் பேய் முகத்துக்கு அதுதானே அழகு!

அடுத்து, உள்ளே வைக்கும் தலை. வெறுமனே நிறுத்தினால் முகமூடி தன் எடையிலேயே சரியும். முதலில் கழுத்து மடங்கும், அப்புறம் கன்னம் குழியும். விக் கடைத் தெர்மாகோல் தலை ஒரு மாதத்துக்குப் போதும். ஆனால் அது முகமூடியைவிடச் சிறியது. மேலே பாலியெஸ்டர் பஞ்சைச் சுற்றி, அமிலமில்லாத டிஷ்யூ தாளால் மூடுங்கள். மூக்கு, தாடை, புருவ மேடு ஆகிய இடங்களில் தனியாகக் கொஞ்சம் திணியுங்கள். விரலால் மெல்ல அழுத்தினால் தாங்க வேண்டும், தோல் இழுபடக் கூடாது. பித்தளை, செம்பு ஊசிகள் வேண்டாம். செம்பு ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். இரண்டு முகமூடிகள் ஒன்றையொன்று தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும். பளபளப்புக்கு எண்ணெயோ வாஸ்லினோ தடவச் சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள், ரப்பர் ஊறிப்போகும்.

22-ஐயும் அடுக்காதீர்கள், கடை மாதிரி ஆகிவிடும். ஏழெட்டுப் போதும். ஓநாய் மனிதன் போல முடி வைத்தவற்றில் பூச்சி அரித்த தடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

குறிப்பட்டைகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்பது கதையில் வரும் விஞ்ஞானியின் பெயர்; அவர் உருவாக்கிய ஜந்துவுக்குப் பெயரே கிடையாது. 1931-இல் அதே பெயரில் வந்த படத்தில் அந்த ஜந்துவாக நடித்த போரிஸ் கார்லாஃப் முகமூடி போடவும் இல்லை. பஞ்சையும் கொலோடியன் என்ற பசையையும் அவர் முகத்திலேயே அடுக்கடுக்காக வைத்து அந்த உருவத்தைக் கொண்டுவந்தவர் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ். ஆக, உங்களிடம் இருப்பது பிற்காலத்தில் விற்பனைக்கு வந்த முகமூடி. அதை அப்படியே எழுதுங்கள், மதிப்பு குறையாது. 1954-இல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தின் கருங்குளத்து ஜந்து உங்களிடம் இருந்தால், மிலிசென்ட் பேட்ரிக் பெயரையும் சேருங்கள். உருவத்தை வடிவமைத்ததில் பெரும்பங்கு அவருடையது. பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் ஸ்டுடியோவின் ஒப்பனைத் துறைத் தலைவர்.

முறைப்படி தயாரித்து விற்ற முகமூடியை வாங்கியவர் அதைப் பொதுமக்களுக்குக் காட்ட அமெரிக்கப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் இடம் தருகிறது. விளம்பரப் போஸ்டரில் படத்தின் ஸ்டில்லையோ ஸ்டுடியோ சின்னத்தையோ போடுவது வேறு விஷயம். அதை நூலகமே விசாரித்துக்கொள்ளட்டும்.

குழந்தைகள் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். அதற்கென்று ஒன்றை வெளியே வைப்பதானால் ரப்பர் பால் கலக்காத வினைல் முகமூடியாக வையுங்கள். லேடெக்ஸ் அலர்ஜி உள்ள பிள்ளை எது என்று நமக்கு எப்படித் தெரியும்?