ஜேசன் கேட்டதும் புரூஸ் சொன்னதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேட்மேன் காமிக்ஸ் தொடரின் ‘அண்டர் தி ஹூட்’ கதையைப் படித்து முடித்தேன். பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர் கையால் செத்துப்போன இரண்டாவது ராபின் (பேட்மேனின் இளம் துணைவனுக்கு அந்தப் பெயர்), ஜேசன் டாட், உயிரோடு திரும்பி வருகிறான். ‘ரெட் ஹூட்’ என்ற முகமூடிக்குள் இருந்துகொண்டு காத்தம் நகரக் கும்பல்களைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறான். கடைசியில் ஜோக்கரைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன்னை வளர்த்த அப்பாவான பேட்மேனின் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறான். தன்னைச் சுட வேண்டும், இல்லையென்றால் ஜோக்கரைக் கொன்றுவிடுவேன் என்கிறான். பேட்மேன் எறியும் பேட்டரங், அந்த வௌவால் வடிவ எறி ஆயுதம், மகனின் கழுத்தில் பாய்கிறது. ஜோக்கர் பிழைத்துக்கொள்கிறான். பெற்ற மகனாக இருந்தால் இப்படிச் செய்திருப்பாரா? எனக்கும் வளர்ந்த மகன் இருக்கிறான். மனசு ஆறவே இல்லை.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் புரூஸ் வெய்ன், அதாவது முகமூடி இல்லாத பேட்மேன், ஜோக்கரைக் கொல்லவில்லை என்பதற்காக எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. மகன் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பக்கங்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தன்னைக் காப்பாற்ற முடியாமல் போனதற்காக அவரை எப்போதோ மன்னித்துவிட்டதாக ஜேசன் சொல்கிறான். அவனுடைய கேள்வி, ஜோக்கர் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்பதுதான். பெங்குவின், ஸ்கேர்குரோ போன்ற மற்ற வில்லன்களைக் கொல்லச் சொல்லவில்லை. இவன் ஒருவனை மட்டும். தன்னை அப்பாவிடமிருந்து பறித்தவன் இவன் என்பதால். அந்த அடி புரூஸுக்கு விழுந்திருந்தால் தான் உலகம் முழுக்கத் தேடி அவனை முடித்திருப்பேன் என்றும் சொல்கிறான். நான் செத்தபோது உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்று கேட்கத் தெரியாத பிள்ளை, அதை இப்படிக் கேட்கிறான்.

புரூஸ் சொல்லும் பதிலில் பொய் இல்லை. ஜோக்கரைக் கொல்வது தனக்கு மிக எளிது, அதை நினைக்காத நாளில்லை, ஆனால் ஒருமுறை அந்தப் பக்கம் போனால் திரும்பி வரவே முடியாது என்கிறார். அது சரியான கொள்கைதான். ஆனால் முழுக்கத் தன்னைப் பற்றிய பேச்சு. எதிரில் நிற்கும் பையனைப் பற்றி அதில் எதுவுமே இல்லை. ஜோக்கரைக் கொல்ல மாட்டேன், உனக்காக அழாத நாளில்லை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கொள்கை அதைத் தடுக்கவில்லையே.

ஜேசனின் ராபின் உடையைத் தன் ரகசியக் குகைக்குள் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தி வைத்திருக்கிறார். ‘நல்ல போர்வீரன்’ என்று பொறித்த தகடும் உண்டு. செத்த பிள்ளைக்கு அவரால் அவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது.

பெற்ற மகனாக இருந்தால் என்று கேட்டிருந்தீர்கள். 1987-ல் மாற்றி எழுதப்பட்ட கதைப்படி, பேட்மேனின் காரான பேட்மொபைலின் டயர்களைக் கழற்றித் திருடிக்கொண்டிருந்த தெருப்பையன் ஜேசன். அதுவும் புரூஸின் அப்பா அம்மா சுட்டுக் கொல்லப்பட்ட அதே கிரைம் ஆலியில். பிடிக்க வந்தவரை டயர் கழற்றும் இரும்பாலேயே அடித்தான். அப்படிப்பட்டவனைத்தான் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தார். அதனால் பாசம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1988-ல் ‘எ டெத் இன் தி ஃபேமிலி’ கதையில், தன்னைப் பெற்ற தாயைத் தேடி எத்தியோப்பியா வரை போன ஜேசனை ஜோக்கர் கடப்பாரையால் அடித்து, வெடிகுண்டோடு விட்டுப் போகிறான். அவன் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று காமிக்ஸை வெளியிட்ட டிசி நிறுவனம் வாசகர்களிடமே விட்டது. இரண்டு தொலைபேசி எண்கள், 36 மணி நேரம், ஒரு அழைப்புக்கு 50 சென்ட். பிழைக்கட்டும் என்று 5,271 அழைப்புகள், சாகட்டும் என்று 5,343. வெறும் 72 வித்தியாசம். காசு கொடுத்து அவனைச் சாகவிட்டது நம்மைப் போன்ற வாசகர்கள். தான் யாருக்கும் வேண்டாதவன் என்று அவன் நினைப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. (எப்படி உயிரோடு வந்தான் என்பதற்குக் காமிக்ஸ் சொல்லும் காரணம் ரொம்பவே பலவீனம். அதை விட்டுவிடலாம்.)

இதற்காக ஜேசன் செய்தது சரி என்று ஆகிவிடாது. போதைமருந்துக் கும்பல்காரர்களின் தலைகளை வெட்டிப் பையில் போட்டுக் கொண்டுவந்தவன் அவன். அவனைத் தடுத்தே ஆக வேண்டும், தடுக்க வேண்டியதும் அவன் அப்பாதான். தடுக்கிற நேரத்திலும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

‘அண்டர் தி ஹூட்’ காமிக்ஸை எழுதிய ஜட் வினிக்கே, அதே கதையை வைத்து 2010-ல் வந்த அனிமேஷன் படத்துக்கும் திரைக்கதை எழுதினார். அதில் பேட்டரங் துப்பாக்கிக் குழலுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. துப்பாக்கி ஜேசன் கையிலேயே வெடிக்கிறது. அப்பா கையில் மகனின் ரத்தம் இல்லை. படம் எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் காமிக்ஸின் முடிவே உண்மையானது என்பேன். வாய் திறக்காத அப்பா மகனை எவ்வளவு தூரம் காயப்படுத்த முடியும் என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது.

படத்தை உங்கள் மகனோடு சேர்ந்து பாருங்கள். தொடங்கியதுமே கடப்பாரைக் காட்சி வந்துவிடும். அதை மட்டும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.