மேலாளர் சொன்ன கதையும் மச்சு சொல்லும் கதையும்

கேள்வி: சரக்கெடுக்கச் சென்னைக்கு வரும்போதெல்லாம் மண்ணடியில் ஒரு பழைய வீட்டு லாட்ஜில் தங்குகிறேன். அந்த வீட்டில் ராபர்ட் கிளைவ் குடியிருந்ததாகவும், எம்டன் கப்பலின் குண்டு அதன் மாடியைத் துளைத்ததாகவும் மேலாளர் சொல்கிறார். நம்பலாமா? வீட்டின் பூர்வீகத்தை எப்படி அறிவது?
— ஒரு வியாபாரி, திருச்சி

பதில்: கிளைவை முதலில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிடலாம். அவர் குடியிருந்த வீடு புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் அலுவலகம் அதில்தான் இயங்குகிறது. எம்டன் கதையை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சுட்டதில், துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. உயர் நீதிமன்ற வளாகச் சுவரிலும் ஒரு குண்டு பட்டது. மண்ணடி அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆனால், சாமர்த்தியசாலியை 'எம்டன்' என்றே அழைக்கப் பழகிய ஊரில், பழைய வீட்டில் எந்த விரிசலைக் கண்டாலும் பழியை அந்தக் கப்பலின் மேல் போடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டின் வயதை அறிய, கட்டிலில் படுத்தபடி மேலே பாருங்கள். வரிசையாகப் பதித்த தேக்குக் கட்டைகளின் மேல், சிறு செங்கற்களைக் கிடத்தாமல் விளிம்பில் நிறுத்தி, சாய்கோடாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் இறுக்கியிருந்தால், அது 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் மச்சு. காரையில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது அக்காலக் கொத்தனார்களின் கைப்பழக்கம். இவ்வகை மச்சு இருபதாம் நூற்றாண்டிலும் கட்டப்பட்டதால், இதை மட்டும் கொண்டு ஆண்டைக் கணிக்க முடியாது. முற்றத்தைச் சுற்றிச் சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, வேய்ந்திருந்தால், பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய 1865-க்குப் பிந்தைய ஓடு அது என்று சொல்லலாம். ஓட்டை மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் வீட்டுக்கு அதே வயது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இத்தகைய வீடுகள் லாட்ஜானதற்குத் துறைமுகமும், 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தையும் காரணம். விடிவதற்குள் ஏலம் எடுக்க வேண்டிய வெளியூர்க்காரருக்குச் சந்தையிலிருந்து நாலு எட்டில் ஒரு பாய் போதும். கூட்டுக்குடும்பம் பிரிந்து ஆளுக்கொரு பங்கு கேட்டு நிற்கும் வீட்டாருக்கோ பலகைத் தடுப்பு வைத்து அறை அறையாக வாடகைக்கு விடுவது விற்பதைவிட எளிது. 1996-இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபின் அந்தக் கூட்டம் குறைந்தது.

எஞ்சிய கதை காகிதத்தில் இருக்கிறது. உரிமையாளர் இசைந்தால் மூலப்பத்திரத்தைப் பாருங்கள். இல்லையெனில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுச் செய்யுங்கள். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை என்று பதிவானவை வரிசையாக வெளிவரும். பெரும்பாலும் அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில்தான் எந்த அறை சமையலறையாக இருந்தது, எது பூஜையறையாக இருந்தது என்ற விவரம் கிடைக்கும். நீங்கள் இத்தனை ஆண்டுகளாக எதில் தூங்கினீர்கள் என்பதும் அப்போது தெரியவரும்.