பால் இல்லாத அடுப்படி, தவிடு போகாத தானியம்

கேள்வி: கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகன், பால், தயிர், நெய், தேன் எதுவும் இனி வேண்டாம் என்கிறான். வெள்ளை அரிசியையும் குறைக்கப்போகிறானாம். ‘வீகன்’ என்று போட்ட பாக்கெட்டுகளின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அதையெல்லாம் வாங்கித்தான் ஆகவேண்டுமா?
(வாசகி, திருச்சி)

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் சமையலில் பாதி ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. இட்லி, தோசை, சாம்பார், புளிக்குழம்பு, சுண்டல் எதிலும் பால் கிடையாது. நெய்யில் தாளிப்பதை நல்லெண்ணெய்க்கு மாற்றினால் ரசமும் சேர்ந்துவிடும். பொங்கலுக்கு என்ன செய்வது என்பீர்கள். சாமையையும் பாசிப்பருப்பையும் குழைய வேகவைத்து, இறக்கும்போது அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றிக் கிளறுங்கள். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையை நல்லெண்ணெயில் பொரித்துக் கொட்டுங்கள். நெய் மணம் வராது, ஆனால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும் அந்தக் குழைவு வந்துவிடும்.

ஆகவே காசை பாக்கெட்டில் போடாமல் நல்ல தானியத்திலும் பருப்பிலும் எள்ளிலும் கடலையிலும் போடுங்கள். பாக்கெட் வாங்கியே தீரவேண்டும் என்றால் பச்சைப் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள். அது சைவம் என்பதற்கான அடையாளம். பாலும் தேனும் அதற்குள் வரும். முழுக்கத் தாவர உணவுக்கென்று 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சைக் கட்டத்துக்குள் ஆங்கில ‘வி’ எழுத்தும் இலையும் இருக்கும். அந்தச் சின்னம் இல்லையென்றால் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘மில்க் சாலிட்ஸ்’, ‘வே பவுடர்’, ‘கேசின்’ என்று எது இருந்தாலும் பால்தான். பொருட்பட்டியலுக்குக் கீழே ‘கன்டெய்ன்ஸ் மில்க்’ என்ற ஒவ்வாமை எச்சரிக்கை இருக்கிறதா என்று முதலில் பார்த்தால் வேலை சுலபம். சத்துமாவு பாக்கெட்டுகளிலும் சிலவற்றில் பால் பவுடர் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம். எள்ளும் கைகொடுக்கும். ஆனால் வைட்டமின் பி12 எந்தத் தானியத்திலும் காய்கறியிலும் நம்பும்படி கிடைக்காது. பாலையும் நிறுத்திவிட்டால் அதற்கு மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ அவசியம். டாக்டரைப் பார்த்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: சிறுதானியம் வாங்கப் போனால் எல்லாக் கடையிலும் ‘இது பாலிஷ் பண்ணாதது’ என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகர், சென்னை)

பதில்: முதலில் ஒன்று. கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றும் உமி நீக்க வேண்டாத தானியங்கள். முழுசாகவே கிடைக்கும், இந்தக் கவலையே இல்லை. குழப்பமெல்லாம் தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றில்தான். இவை உமியோடு விளைபவை. உமியை நீக்காமல் சாப்பிட முடியாது. உமியோடு நிறுத்தினால் அது முழுதானியம். மெஷினில் மேலும் தீட்டினால் தவிடும் முளையும் போய்விடுகின்றன. நார்ச்சத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அப்புறம் வெள்ளை அரிசியை விட்டுவிட்டு இதை ஏன் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும்?

உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு கடை வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள். தீட்டிய குதிரைவாலி வெள்ளை ரவை மாதிரி ஒரே சீராக மின்னும். தீட்டாதது மங்கலாக, சாம்பலும் பழுப்பும் கலந்து இருக்கும். ஒரு மணிபோல இன்னொன்று இருக்காது. உமி விடாத மணி ஒன்றிரண்டு நடுவில் கிடக்கும். தினையும் அப்படித்தான்: பளிச்சென்ற மஞ்சளைவிட மங்கிய மஞ்சளை நம்பலாம்.

கண் ஏமாந்தாலும் குக்கர் ஏமாறாது. ‘அன்பாலிஷ்டு’ என்று கொட்டை எழுத்தில் போட்ட குதிரைவாலி ஒன்றை நான் வாங்கினேன். ஊறவைக்காமல் ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்தேன். ஒரே விசிலில் கரண்டியில் ஒட்டும் களியாகிவிட்டது. நிஜமாகவே தீட்டாதது அவ்வளவு சீக்கிரம் குழையாது. அரை மணி நேரமாவது ஊறவேண்டும், ஒன்றுக்கு இரண்டரை மூன்று தண்ணீர் கேட்கும், மூன்று விசில் ஆகும். திறந்தால் மணிமணியாக, நடுவில் லேசாக வெடித்து, தவிட்டு வாசனையோடு இருக்கும். அதனால் புதுக் கடையில் முதல் தடவை அரைக் கிலோ மட்டும் வாங்கி, வேகவைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் அதிகம் வாங்குங்கள்.

தவிட்டில் எண்ணெய்ச்சத்து இருப்பதால் தீட்டாத தானியம் சீக்கிரம் சிக்கு நாற்றம் அடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். கடைக்காரர்கள் வாங்கி வைக்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பாக்கெட் போட்ட மாதத்தைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்காதீர்கள். பூசண வாடை அடிக்கும் வரகை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தன. அவை தின்ற வரகுப் பயிரிலிருந்து வந்த பூஞ்சை நச்சுதான் காரணம் என்று பரிசோதனையில் தெரியவந்தது. நன்றாகக் காய்ந்த, சுத்தமான வரகுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

சிறுதானியம் வீட்டில் எடுபடவில்லை என்றால் கைக்குத்தல் அரிசியில் தொடங்குங்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி வாங்கும்போது ஏமாற்றுவது கடினம். அவற்றின் நிறமே தவிட்டில்தான் இருக்கிறது. நிறம் வெளுத்திருந்தால் தீட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: மல்டிகிரெய்ன் பிரெட் பிரவுன் நிறத்தில்தானே இருக்கிறது? அது முழுதானியம் இல்லையா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது, கேரமல் சேர்த்தாலும் பழுப்பு வரும். பொருட்பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரவேண்டும் என்பது விதி. முதல் பெயர் ‘ரீஃபைன்டு வீட் ஃப்ளோர்’ என்றிருந்தால் அது மைதா பிரெட். மேலே தூவிய எள்ளும் ஆளிவிதையும் அதை மாற்றாது. நீங்கள் பால் சேர்க்காதவர் என்றால் ‘மில்க் சாலிட்ஸ்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். காலை அவசரத்துக்குத்தான் பிரெட் என்றால் தோசை மாவு போதும்: சாமை மூன்று டம்ளர், முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு டீஸ்பூன். ஒரு தடவை ஆட்டினால் மூன்று நாள் ஓடும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கம்பு மாவு கசந்தது. கேட்டால் ‘கம்பு அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள். சரியா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: சரியில்லை. புதுக் கம்பு கசக்காது. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்ததும் அதிலுள்ள நொதி அந்தக் கொழுப்பை உடைக்கத் தொடங்கிவிடும். சாதாரணமாக அரைத்த மாவு பத்து நாளிலேயே கசக்கத் தொடங்கலாம். மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம்.

முழுக் கம்பாக வாங்கி, வாசனை வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, ஆறியதும் மாவு மில்லில் ஒரு கிலோ மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். வறுக்கும் சூட்டில் நொதி அடங்கிவிடுவதால் கொஞ்ச நாள் கூடத் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது. கூழுக்கு மோர் ஊற்றாமல் முடியாது என்று நினைக்காதீர்கள். களியாகக் கிண்டி, உருட்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரே புளித்திருக்கும். அதிலேயே கரைத்து, உப்பும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டுக்கொள்ளலாம்.

சரி, பணம். குறையுள்ள பொருளை இணைய விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. மாவைக் கொட்டிவிடாதீர்கள். தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் தெரியும்படி பாக்கெட்டைப் படம் எடுத்து, விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்துவையுங்கள், அடுத்த தடவை பேசும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.