சுகர் டெஸ்ட்டோடு ஹெச்.ஐ.வி.யும் எழுதச் சொன்னால் குடும்ப டாக்டர் ஏன் தட்டிக்கழிக்கிறார்?

"உங்களுக்கெல்லாம் இது எதுக்கு?" என்று கேட்டிருப்பார். கோளாறு அந்தக் கேள்வியில்தான். கல்யாணம் ஆனவர், குழந்தைகள் இருக்கிறார்கள், பல வருடப் பழக்கம், ஆகவே தொற்று இருக்காது என்று முகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார். ஹெச்.ஐ.வி. உள்ளே வந்தபின் பல வருடம் ஒரு தொந்தரவும் காட்டாமல் கிடக்கலாம்.

அதனால்தான் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2006-லேயே, 13 முதல் 64 வயதுவரை எல்லோருக்கும் இதை வழக்கமான பரிசோதனையாகச் செய்யச் சொன்னது. சொல்லிவிட்டு எடுக்க வேண்டும், மறுப்பவரை விட்டுவிட வேண்டும், தனிக் கையெழுத்துப் படிவம் தேவையில்லை. எல்லா நாட்டிலும் இதே விதி என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

டாக்டர் பக்கமும் நியாயம் உண்டு. தொற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக 'இல்லை' என்று காட்டும் டெஸ்ட் ஒன்றை 10,000 பேருக்குச் செய்கிறோம், அவர்களில் 10 பேருக்குத்தான் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் 10 பேரோடு, தொற்றே இல்லாத சுமார் 50 பேருக்கும் ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம், என்று வரும். ஆகவே முதல் ரியாக்டிவ் ரிப்போர்ட்டை வைத்து 'உங்களுக்கு ஹெச்.ஐ.வி.' என்று சொல்லவே கூடாது. வேறு வேறு கிட்டில் மறுபடி பார்க்க வேண்டும். தொடர்ந்து 3 டெஸ்ட் ரியாக்டிவாக வந்தால்தான் பாசிட்டிவ் என்பது 2019 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இடைப்பட்ட நாட்களில் நோயாளியிடம் என்ன பேசுவது என்று பல டாக்டர்களுக்குத் தெரியாது. நேரமில்லை என்பதெல்லாம் சாக்கு, இந்தப் பயம்தான் நிஜக் காரணம் என்பது என் கணிப்பு.

நெகட்டிவிலும் தப்பு நடக்கும். கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில், வைரஸின் சொந்தப் புரதமான பி24 ஆன்டிஜனையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை லேப் டெஸ்ட், தொற்றைக் கண்டுபிடிக்க 18 முதல் 45 நாள் ஆகும். வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை மட்டும் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு 23 முதல் 90 நாள். போன வாரம் நடந்த பாதுகாப்பற்ற உறவுக்கு இந்த வாரம் நெகட்டிவ் வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லையா? டெஸ்ட்டுக்காகக் காத்திராமல் உடனே போய் 28 நாள் தடுப்பு மாத்திரையைக் கேளுங்கள், மணிக்கணக்கில் தாமதித்தாலும் பலன் குறையும்.

இளவயதில் அக்கி, வாயில் வெள்ளைப் படலம், காசநோய், விடாத வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது, பால்வினை நோய் எதுவானாலும் இருந்தால் இது வழக்கமான டெஸ்ட் என்ற பேச்சே இல்லை, கட்டாயம் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் களிம்பும் மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கடைசியில் கண்டுபிடிக்கும்போது சி.டி.4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை 350-க்குக் கீழே போயிருக்கும், தாமதமான கண்டுபிடிப்பு என்பது இதைத்தான்.

சொல்வதும் கஷ்டமில்லை. "சுகர், கொழுப்போட ஹெச்.ஐ.வி.யும் எல்லாருக்கும் பார்க்கிறோம், வேண்டாம்னா சொல்லுங்க." பத்து விநாடி. குரலைத் தாழ்த்திக் கதவைச் சாத்தினால்தான் நோயாளிக்குச் சந்தேகம் வரும்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கேட்டு வருபவருக்கு எழுதத் தயங்கும் இதே மருத்துவ உலகம், ஆபரேஷனுக்கு முன் நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஹெச்.ஐ.வி. பார்ப்பதும் உண்டு. ரிசல்ட் நோயாளிக்கு முன்னால் வார்டுக்குத் தெரிந்திருக்கும்.