அலாஸ்கா கப்பலில் முதல் தடவை: கேள்வி பதில்

சியாட்டிலிலோ வான்கூவரிலோ ஏறி, ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிக்கன் ஊர்களைத் தொட்டு, ஏழு ராத்திரியில் திரும்பும் அலாஸ்கா குரூஸ் பற்றி, முதல் தடவை போகிறவர்கள் கேட்டவை இவை.

அப்பா அம்மா இந்தியாவிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்குகிறோம். அலாஸ்காவும் அமெரிக்காதானே, கனடா விசா எதற்கு அக்கா?

விக்டோரியாவுக்காக. பெரிய குரூஸ் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா என்று வெளிநாட்டுக் கொடி கட்டியவை. அமெரிக்காவில் ஏற்றிய பயணியை அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றிக் காட்டி இறக்கிவிட அவற்றுக்கு அனுமதி இல்லை. 1886இல் போட்ட சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் கடைசி நாள் சாயங்காலம் சில மணி நேரம் கனடாவின் விக்டோரியாவில் நிறுத்துகிறார்கள். "நாங்கள் இறங்கவே மாட்டோம், ரூமிலேயே இருக்கிறோம்" என்று சொன்னாலும் செல்லாது. விசா இல்லாவிட்டால் சியாட்டிலிலேயே ஏற்ற மாட்டார்கள். அமெரிக்க விசாவும் மல்டிபிள் என்ட்ரியாக இருக்க வேண்டும். க்ரீன் கார்ட் உள்ளவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை, ஆனால் 2022 முதல் கார்டோடு காலாவதியாகாத இந்திய பாஸ்போர்ட்டும் வேண்டும். டிக்கெட் போடும் முன்பே கனடா விசாவுக்கு விண்ணப்பியுங்கள். இன்னொன்று: துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அவை ரூமுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். பாஸ்போர்ட்டும் பிரஷர், சுகர் மாத்திரைகளும் கைப்பையில் இருக்கட்டும்.

பால்கனி ரூம் எடுத்தே ஆக வேண்டுமா? எந்தப் பக்கம் நல்லது?

முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் வந்தால் எடுங்கள், உட்கார்ந்த இடத்திலேயே மலை பார்க்கலாம். மற்றபடி என் ஓட்டு ஜன்னல் இல்லாத உள் ரூமுக்குத்தான். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல டூர் போய்விடலாம். போன வழியே திரும்பி வருவதால் எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். வான்கூவரில் ஏறி வடக்கே இறங்கிவிடும் ஒருவழிப் பயணம் என்றால் மட்டும் வலது பக்கம் கேளுங்கள், கரை அந்தப் பக்கம் வரும்.

எனக்கு மலைப்பாதை பஸ்ஸிலேயே வாந்தி வரும். தாங்குவேனா?

பெரும்பாலும் தாங்குவீர்கள். தீவுகளுக்கு நடுவே போகும் பாதை என்பதால் தண்ணீர் அதிகம் ஆடாது. ஆனால் சியாட்டில் கப்பல்கள் பல, வான்கூவர் தீவுக்கு வெளிப்புறமாகத் திறந்த கடலில் போகின்றன, அங்கே ஆட்டம் உண்டு. பயமாக இருந்தால் வான்கூவரில் ஏறுங்கள். அவை தீவுக்கு உட்புறமாக, குறுகலான ஸீமோர் நீரிணை வழியே போகும். அங்கே பல கப்பல்களைக் காவு வாங்கிய 'ரிப்பிள் ராக்' என்ற நீரடிப் பாறையை 1958இல் வெடிவைத்துத் தகர்த்த பிறகுதான் பெரிய கப்பல்கள் நிம்மதியாகப் போகின்றன. ரூம் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கட்டும். மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டு வைத்து, கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

சுத்த சைவம். அம்மா புளிக்காய்ச்சலும் ரைஸ் குக்கரும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி எதுவும் ஏறாது. தீ பயத்தால் சூடாகும் சாமான்களை ஸ்கேனரிலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் செய்த உணவையும் பொதுவாக விட மாட்டார்கள். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத ஊறுகாயும் முறுக்கும் பெரும்பாலும் போகும். புக் செய்யும்போதே 'இந்திய சைவம்' என்று எழுதி வைத்து, முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு ஹாலில் தலைமை வெயிட்டரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். பெரிய கப்பல்களில் சமையலறையில் நம் நாட்டவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். நாளைக்கு என்ன வேண்டும் என்று முந்தின ராத்திரியே சொன்னால் பருப்பும் சாதமும் வரும். சும்மா பஃபேயில் தேடினால் தினம் பாஸ்தாதான். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் எந்தத் தண்ணீரில் கொதித்தது என்று கேளுங்கள், கோழி எலும்பு வேகவைத்த சாறு இருக்கக்கூடும். ஜெல்லி, மூஸ் வகை இனிப்புகளில், மிருகங்களின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கக்கூடும். வெட்கப்படாமல் கேளுங்கள், அவர்களுக்கு இது தினப்படி கேள்வி.

ஸ்வெட்டர் போதுமா?

குளிரைவிட ஈரம்தான் அங்கே எதிரி. கெச்சிக்கனில் வருடத்துக்கு ஏறக்குறைய 3,800 மில்லிமீட்டர் மழை. கோடையில் 10 முதல் 18 டிகிரி இருக்கும். ஒரு தடித்த கோட்டைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்று, மேலே தண்ணீர் புகாத ஜெர்கின். ஜீன்ஸ் நனைந்தால் அன்றைக்குக் காயாது. மங்கி குல்லாவைக் கேலி செய்தவர்கள் எல்லாம் பனியாற்றின் முன்னால் கடன் கேட்பார்கள்.

பனியாறு பார்க்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் புக் செய்யும்போதே உங்கள் கப்பல் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குப் போகிறதா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு குரூஸ் கப்பல்களுக்குத்தான் அங்கே அனுமதி, அதனால் எல்லாக் கப்பலும் போவதில்லை. யாரும் இறங்க மாட்டோம். பூங்காவின் ரேஞ்சர்கள் படகில் வந்து கப்பலில் ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கிக்கொண்டே வருவார்கள். 1794இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இந்த விரிகுடா வாசல்வரை பனிக்கட்டி. இன்று கப்பல் 100 கிலோமீட்டர் போல உள்ளே போகிறது.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் மெல்லச் சுழலும், இரண்டு பக்கமும் தெரியும், ஆகவே முண்டியடிக்க வேண்டாம். பனிச்சுவர் உடையும்போது சத்தம் கேட்டுத் திரும்பினால் பாதி விழுந்து முடிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் ஒலி வந்து சேரும். ஆகவே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள், சிறு துண்டுகள் உதிர்ந்துகொண்டிருக்கும் இடமாக இருந்தால் நல்லது. பைனாகுலர் ஆளுக்கு ஒன்று வேண்டும். வீட்டுக்கு ஒன்று என்றால் சண்டைதான் வரும். அன்றைக்குக் காலையில் பஃபே வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒரே ஒரு டூருக்குத்தான் பட்ஜெட். ஸ்காக்வே ரயிலா, ஜூனோவில் திமிங்கிலமா?

திமிங்கிலம். ஹவாயில் குளிர்காலத்தைக் கழித்த ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் கோடையில் தின்பதற்கென்றே இங்கே வருகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பார்க்காமல் திரும்புவது அரிது. நடக்கச் சிரமப்படுபவர் கூட இருந்தால் மட்டும் ரயில். தங்க வேட்டைக் காலத்தில், 1898இல் தொடங்கி 1900இல் முடித்த நேரோ கேஜ் ரயில் பாதை அது, 32 கிலோமீட்டரில் 870 மீட்டர் ஏறும். ஏறும்போது இடது பக்கம் உட்காருங்கள்.

வெளி ஆட்களிடம் டூர் எடுத்தால் மலிவு என்கிறார்களே?

மலிவுதான், கூட்டமும் குறைவு. ஆனால் கப்பல் கம்பெனியின் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளி டூருக்குக் காத்திருக்காது. ஜூனோவிலிருந்து வெளியூருக்குச் சாலையே கிடையாது, அடுத்த ஊருக்குக் காரில் துரத்திப் பிடிக்க முடியாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விட்டு எடுங்கள்.

ஜூனில் வடக்கத்தி வானொளி (நார்தர்ன் லைட்ஸ்) தெரியுமா?

தெரியாது. வானம் இருட்டினால்தானே? செப்டம்பரில் போனால் வாய்ப்பு உண்டு, கூடவே மழையும் உண்டு.

போன் வேலை செய்யுமா?

துறைமுகங்களில் செய்யும். கப்பல் கிளம்பியதும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள்; கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் ஒட்டிக்கொண்டால் பில் தனியாக, பெரிதாக வரும். அலாஸ்கா நேரம் சியாட்டிலுக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பலில் கடிகாரத்தை எப்போது மாற்றுகிறார்கள் என்பதை அன்றன்றைய அறிவிப்புத் தாளில் பாருங்கள். திரும்பி ஏற வேண்டிய நேரம் கப்பல் கணக்குத்தான், உங்கள் போன் கணக்கு அல்ல.