டாஸ்க் மேனேஜரில் மேலே நிற்கும் பெயர்தான் காரணமா?

"எந்த புரோகிராமும் திறக்காமல் சும்மா வைத்திருந்தாலும் என் விண்டோஸ் லேப்டாப்பில் ஃபேன் இரைகிறது, சிபியுவும் டிஸ்க்கும் எகிறுகின்றன. டாஸ்க் மேனேஜரில் புரியாத பெயர்களாக இருக்கின்றன. எவற்றை நிறுத்தலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் நிறுத்தாதீர்கள். பட்டியலில் முதலில் நிற்கும் பெயர் பல சமயம் வேறொன்றுக்காக உழைத்துக்கொண்டிருக்கும். அது எதற்காக உழைக்கிறது என்று தெரியாமல் எண்ட் டாஸ்க் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் அதே பெயர் மறுபடியும் மேலே வந்து நிற்கும்.

சர்வீஸ் ஹோஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தனக்கென்று ஒரு வேலையும் இல்லாத வெறும் கூடு அது. நெட்வொர்க், அப்டேட், ஆடியோ போன்ற விண்டோஸ் சர்வீஸ்கள் அதற்குள் இருந்துதான் ஓடுகின்றன. முன்பெல்லாம் ஒரே கூட்டில் பல சர்வீஸ்கள் சேர்ந்து ஓடும். 2017 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனிக் கூடு. அதனால் ஒரே பெயர் டஜன் கணக்கில் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே ஓடும் சர்வீஸின் பெயர் தெரியும். நீங்கள் கூகுளில் தேட வேண்டியது அந்தப் பெயரை.

அதிகம் திட்டு வாங்குவது ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள், அதாவது விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர். எந்த புரோகிராம் ஃபைலைத் திறந்தாலும் எழுதினாலும் அது பரிசோதிக்கும். ஒரு நண்பரின் கணினியில் இது பகல் முழுக்க மேலேயே நின்றது. டிஃபெண்டரை அணைத்துவிடலாம் என்ற முடிவுக்கே அவர் வந்துவிட்டார். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலிருந்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, டிஸ்க் டேபில் 'ரைட்' என்ற தலைப்பை அழுத்தி வரிசைப்படுத்தினோம். எந்த புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) எந்த ஃபைலில் எழுதுகிறது என்பதை முழு முகவரியோடு அங்கே பார்க்கலாம். ஒரு பேக்கப் மென்பொருள் தன் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் லாக் ஃபைல் முதலிடத்தை விட்டு இறங்கவே இல்லை. திறந்து பார்த்தால் கடைசிப் பக்கங்கள் முழுக்க ஒரே வரி: லாகின் காலாவதியாகிவிட்டது, மீண்டும் முயல்கிறேன். அது விடாமல் முயல்கிறது, ஒவ்வொரு முறையும் லாக்கில் எழுதுகிறது, எழுதியதை டிஃபெண்டர் பரிசோதிக்கிறது. பேக்கப்பில் மறுபடி லாகின் செய்ததும் இரண்டும் சேர்ந்தே அடங்கின. டிஃபெண்டரை அணைத்திருந்தால் பாதுகாப்பும் போயிருக்கும், பேக்கப் எடுக்கப்படாததும் தெரியாமலே இருந்திருக்கும்.

'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' என்ற வரியும் இப்படித்தான். அது புரோசஸே இல்லை. வன்பொருள்கள் சிபியுவைக் கூப்பிடும்போது ஆகும் செலவை அந்தப் பெயரில் காட்டுகிறார்கள். அது தொடர்ந்து கூடுதலாக இருந்தால் யூஎஸ்பியில் செருகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், பிறகு வன்பொருள்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களைப் பாருங்கள். மேக்கில் 'கெர்னல் டாஸ்க்' எகிறினால் பெரும்பாலும் சூடு காரணம்: சிபியு மேலும் சூடாகாமலிருக்க, மற்ற புரோகிராம்களுக்குக் கிடைக்கும் நேரத்தை அது குறைக்கிறது. லினக்ஸில் 'கேஸ்வாப்டி' மேலே வந்தால் ரேம் போதவில்லை என்று பொருள்.

சும்மா இருக்கும்போது இரைகிறது என்றீர்களே, அதற்கும் காரணம் உண்டு. விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு வேலைகளுக்கு இயல்பாகக் குறித்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. அப்போது லேப்டாப் மூடிக் கிடந்தால், பிறகு நீங்கள் அதைத் தொடாமல் விட்டிருக்கும் நேரம் பார்த்து அந்த வேலைகள் தொடங்கும். மௌஸை அசைத்ததும் ஃபேன் அடங்குகிறதா? அப்படியானால் பெரும்பாலும் இதுதான். சார்ஜரில் போட்டு ஒரு இரவு அப்படியே விட்டுவிடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகும், ஏராளமான ஃபைல்களைக் காப்பி செய்த பிறகும் தேடலுக்காக ஃபைல்களைப் பட்டியலிடும் சர்ச் இண்டெக்ஸர் சில மணி நேரம் ஓடுவது சகஜம்.

முடிவுள்ள வேலையையும் சிக்கிக்கொண்ட வேலையையும் பிரித்தறிய எண்களைக் கவனியுங்கள். வேலை நடக்கும்போது சதவீதம் ஏறி இறங்கும். 8 லாஜிக்கல் புரோசஸர் (விண்டோஸ் தனித்தனியாக எண்ணும் சிபியு கோர்கள்) உள்ள கணினியில் ஒரு புரோசஸ் மணிக்கணக்கில் 12, 13 சதவீதத்திலேயே அசையாமல் நின்றால் எனக்குச் சந்தேகம் வரும். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. அந்த புரோகிராமின் ஒரு த்ரெட் (ஒரு தனி வேலைத்தொடர்) ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் முடிவில்லாத லூப்பில் மாட்டி ஒரு கோரை முழுசாகத் தின்கிறது என்று அர்த்தம். எண்ட் டாஸ்க் கொடுக்க வேண்டிய இடம் இது. (மேக்கிலும் லினக்ஸின் 'டாப்'பிலும் ஒரு கோருக்கே 100 என்பது கணக்கு, அங்கே 300 சதவீதம் என்று பார்த்தால் பதற வேண்டாம்.) டீட்டெய்ல்ஸ் பகுதியில் 'சிஸ்டம் ஐடில் புரோசஸ்' 95 காட்டினால் சிபியு அந்த அளவுக்குச் சும்மா இருக்கிறது என்று பொருள்.

ரேம் 60, 70 சதவீதம் நிரம்பியிருப்பது நோய் அல்ல. ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி டேபில் ஹார்ட் ஃபால்ட்ஸ் (ரேமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டிவரும் தடவைகள்) வரைபடம் தொடர்ந்து உச்சியில் நின்றால்தான் நிஜமான பற்றாக்குறை. ரேம் 'கிளீனர்' மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பின்னால் பயன்படும் என்று விண்டோஸ் ரேமில் வைத்திருப்பதை அவை வெளியேற்றும். அதையே மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டிவரும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஃபேன் அடங்கி, மூடியதும் மறுபடி இரைந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். திருட்டுத்தனமாகக் கிரிப்டோ மைனிங் (உங்கள் கணினியை வைத்து யாரோ டிஜிட்டல் நாணயம் ஈட்டுவது) செய்யும் சில புரோகிராம்கள் இப்படி ஒளிந்துகொள்ளும். சந்தேகப்படும் பெயரை ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். சர்வீஸ் ஹோஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு விண்டோஸ் ஃபோல்டருக்கு வெளியே, டெம்ப் ஃபோல்டரிலோ டவுன்லோட்ஸிலோ உட்கார்ந்திருந்தால் அது போலி. டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள்.

கடைசியாக, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அது சுழலும் தட்டுள்ள பழைய வகை எச்டிடியா, அசையும் பாகமில்லாத எஸ்எஸ்டியா என்று பாருங்கள். எச்டிடி என்றால் நொடிக்குச் சில எம்பி எழுதும்போதே 100 சதவீதம் காட்டிவிடும், ஏனென்றால் அதன் முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதிலேயே நேரம் போய்விடுகிறது. அப்படியானால் எந்த புரோசஸை நிறுத்தினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது, எஸ்எஸ்டி மாற்றுங்கள்.