வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காய்கறி லோடு அடிக்கும் பொலிரோ பிக்அப் வைத்திருக்கிறேன். முன்சக்கரத்தில் பிரேக் பிடித்தால் 'கீச்' சத்தம். பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா? போன முறை கழற்றியபோது இடது பக்க உள்பேட் மட்டும் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது; மற்ற மூன்றும் பாதிக்கு மேல் இருந்தன. ஏன் அப்படி?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் உள்பேட் சங்கதியைச் சரிசெய்யாமல் புது பேட் போட்டால் காசுதான் வீண். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரு புறமும் பேடால் கவ்விப் பிடிப்பதுதான் காலிப்பர். அதிலுள்ள பிஸ்டன் உள்பேடைத்தான் தள்ளுகிறது. அது டிஸ்க்கில் முட்டியதும், காலிப்பர் தன் இரண்டு பின்கள்மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்த வேண்டும். அந்தப் பின்கள் துருவேறி இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. வேலை முழுக்க உள்பேட் தலையில் விழும். உங்கள் வண்டியில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

லோடை இறக்கி, சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு இரு புறமும் கட்டை கொடுங்கள். வீல் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை நம்பி வேலை செய்யக் கூடாது, ஸ்டாண்டு அவசியம். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். எது எப்படி மாட்டியிருந்தது என்ற சந்தேகம் வந்தால் பார்க்க மறுபக்கம் இருக்கும்.

போல்ட்டைக் கழற்றிய காலிப்பரைக் கம்பி கட்டி சேசிஸில் தொங்கவிடுங்கள்; ஹோஸில் தொங்கினால் ஹோஸ் போய்விடும். பின்னை உருவிப் பாருங்கள். விரலால் தள்ளினால் வழுக்க வேண்டும். லேசான துருவை நைஸ் எமரியில் தேய்த்து எடுக்கலாம். குழி விழுந்திருந்தால் புதுசு, ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதுவும் புதுசு. தடவ வேண்டியது சிலிகான் கிரீஸ். சேசிஸுக்கு அடிக்கும் கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதி, அந்தப் பின்கள் மறுபடி இறுகிவிடும்.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து வையுங்கள். பழைய பேடை பிஸ்டன்மேல் வைத்து சி-கிளாம்பால் மெதுவாக அழுத்துங்கள். இரண்டு பிஸ்டன் இருந்தால் இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும்; ஒன்றை அமுக்கினால் மற்றது வெளியே துருத்தும். டப்பா நிரம்பி வந்தால் சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள். அந்த ஆயில் பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும்.

நான்கு பேடையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் பிரேக்கில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் டிஸ்க்கும் மாற வேண்டியதுதான். பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு, ஈரத்துணியால் துடையுங்கள். வீல் நட்டை எதிரெதிராக முறுக்குங்கள்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் மிதிப்பு தரை வரை போகும், பயப்பட வேண்டாம். இதை மறந்து வண்டியை எடுத்தால் வாசல் கேட்டில்தான் நிற்கும். பிறகு காலி வண்டியில், ஆளில்லாத ரோட்டில், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகப் பத்துத் தடவை வேகம் குறையுங்கள். பேட் டிஸ்க்கோடு படிந்த பிறகு லோடு ஏற்றலாம்.

கேள்வி: அவசரத்துக்கு பிரேக் ஆயில் டப்பாவில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விடலாமா?
– வாசகர், மணப்பாறை

பதில்: கூடவே கூடாது. 'ஆயில்' என்பது வாய்ப்பேச்சுக்குத்தான். இரண்டும் வேறு சரக்கு. இன்ஜின் ஆயில் பட்ட ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிவிடும். மாஸ்டர் சிலிண்டர் தொடங்கி ஹோஸ் வரை செலவு இழுக்கும். மூடியில் டாட் 3, டாட் 4 என்று பிரேக் ஆயிலின் ரகம் எது போட்டிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். திறந்து வைத்த பழைய டப்பா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்திருக்கும். மலை இறக்கத்தில் சூடேறி ஆவியானால் பெடல் பஞ்சாக இறங்கும்.